பந்து கிடைக்காத அணியின் நடுக்கள ஆட்டக்காரர்: ரேச்சல் குஸ்கியேரி போன வழி

கால்பந்து பார்க்கிறவர்களிடம் மால்டா என்று சொன்னால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒரு ஸ்கோர்: 12-1. 1983 டிசம்பரில் செவில்லா நகரில் ஸ்பெயின் ஆண்கள் அணி மால்டாவை அப்படி வென்றது. ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற ஸ்பெயினுக்கு 11 கோல் வித்தியாசம் வேண்டியிருந்தது. சொல்லிவைத்த மாதிரி 11 கோல் வித்தியாசத்தில்தான் ஜெயித்தார்கள். அதைப் பற்றி இன்னமும் சந்தேகக் கதை பேசுகிறவர்கள் உண்டு. பெண்கள் அணிக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. அது அவ்வளவு பிரபலமாகவில்லை. 2009-ல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதே ஸ்பெயின் மால்டாவுக்கே வந்து 13-0 என்று வென்றுவிட்டுப் போனது. மால்டாப் பெண்கள் அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த வருடம் ரேச்சல் குஸ்கியேரிக்கு 17 வயது. 1992 ஏப்ரலில் பிறந்தவர், பிர்கிர்காரா கிளப்பில் ஆடி வளர்ந்த நடுக்கள ஆட்டக்காரர். அதன் பிறகு அவர் சைப்ரஸில் அப்போலோன், பெல்ஜியத்தில் ஆண்டர்லெக்ட், நெதர்லாந்தில் பிஎஸ்வி ஐந்தோவன், இத்தாலியில் லாத்சியோ, சம்ப்டோரியா என்று நாடு நாடாக ஆடினார். அவ்வளவு சின்ன தீவிலிருந்து போன ஒரு பெண் வெளிநாட்டில் இத்தனை கிளப்புகளில் இத்தனை வருடம் நின்று ஆடியது சாதாரணக் காரியமில்லை.

கிளப் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த வரிசையில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. அவர் எந்த நாட்டில் போய் இறங்கினாலும், அங்கே பெண்கள் கால்பந்தின் வரவு செலவு மாறிக்கொண்டிருந்த நேரமாகவே அது இருந்தது. இவர் போன வழியைப் பிடித்துக்கொண்டு போனாலே, 2010-களில் ஐரோப்பாவின் பெண்கள் ஆட்டத்துக்குள் பணம் எங்கிருந்து எப்படி வந்தது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். மால்டாவின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். மக்கள் ஐந்தரை லட்சம் பேர் அளவில். வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் சிசிலி. வேகப் படகில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பொத்சாலோ துறைமுகத்தில் இறங்கிவிடலாம். கால்பந்து என்றால் எல்லாம் தா அலி என்ற இடத்தில்தான். மால்டிய எழுத்தில் அந்தப் பெயரின் நடுவே ஒரு எழுத்து வரும், ஆனால் அது 'க' என்று ஒலிக்காது. தொண்டையில் சின்னதாக ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அரபியிலிருந்து கிளைத்து ரோமன் எழுத்தில் எழுதப்படும் மொழி அது. தா அலி இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் ஓடுதளமாக இருந்த சமவெளி. போர் முடிந்து படை போன பிறகு, அது விட்டுச்சென்ற வளைந்த தகரக் கொட்டகைகளில் கண்ணாடி, பீங்கான், வெள்ளிக் கம்பி வேலை செய்கிறவர்கள் கடை போட்டார்கள். பிற்பாடு பக்கத்திலேயே தேசிய மைதானம் வந்தது. சுமார் 17,000 பேர் உட்காரலாம். அதை ஒட்டினாற்போல், 1900-ல் தொடங்கிய மால்டா கால்பந்துச் சங்கத்தின் நூற்றாண்டு நினைவாக ஒரு சின்ன மைதானம்: சென்டினரி ஸ்டேடியம். பெண்கள் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன மைதானத்தில்தான்.

இப்போது இருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. தேசிய மைதானம் வருவதற்கு முன்பு பெரிய ஆட்டமெல்லாம் க்ஸீரா ஊரின் எம்பயர் ஸ்டேடியத்தில் நடந்தது. அங்கே புல்லே கிடையாது, மணலும் சரளையும்தான். 1971-ல் இங்கிலாந்து ஆண்கள் அணி அந்த மண்ணில் இறங்கி 1-0 என்று ஒரு வழியாக ஜெயித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தது.

பெண்களுக்கு லீக் வந்தது 1990-களின் நடுவில். அணிகள் குறைவு, அதிலும் பலம் இரண்டு மூன்று கிளப்புகளிடம் சேர்ந்து கிடந்தது. 2000-களில் ஹைபர்னியன்ஸ், அதற்கப்புறம் பிர்கிர்காரா என்று பட்டம் கை மாறியது. இந்த மாதிரி லீக்கில் பலமான அணியின் நடுக்களத்தில் ஆடுகிற ஒரு பெண்ணுக்கு வாராவாரம் என்ன நடக்கும்? பந்து எப்போதும் அவர் காலில்தான் இருக்கும். நெருக்க ஆள் வராது. நிமிர்ந்து பார்த்து, யோசித்து, ஆற அமரப் பாஸ் கொடுக்கலாம். அதே பெண் தேசிய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்பெயினையோ இங்கிலாந்தையோ எதிர்த்து இறங்கினால் நிலைமை தலைகீழ். 90 நிமிடமும் பந்தின் பின்னால் ஓட்டம்தான்.

13-0 ஆட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரருக்கு என்ன வேலை என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். கோல்கீப்பருக்கு வேலை குவிந்து கிடக்கிறது. தடுப்பாட்டக்காரர்கள் பந்தை எங்காவது உதைத்து அனுப்புகிறார்கள். முன்களத்தில் ஒருத்தி தனியாக நின்றுகொண்டிருக்கிறாள். நடுவில் இருக்கிறவர் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பாதையை அடைக்கிறார். எதிரணி பந்தை வலது புறம் கொண்டுபோனால் நான்கு அடி அந்தப் பக்கம், இடது புறம் திருப்பினால் எட்டு அடி இந்தப் பக்கம். எப்போதோ ஒரு தடவை பந்து காலுக்கு வரும். அப்போது முதுகு எதிரணி கோலைப் பார்த்திருக்கும், இரண்டு பக்கமும் ஆள் பாய்ந்து வருவார்கள். பந்து வந்து சேருவதற்கு முன்பே தோளுக்கு மேலே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டவருக்குத்தான் அடுத்த ஒரு நொடி மிச்சம். உடம்பைப் பாதி திருப்பி வைத்துப் பந்தை வாங்கினால் முன்னே போகலாம். நேராக நின்று வாங்கினால் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இரண்டும் முடியாவிட்டால் காலை நடுவே வைத்து ஒரு ஃபவுலை வாங்கிக்கொண்டு, விழுந்த இடத்தில் ஐந்து விநாடி கூடுதலாக உட்கார்ந்தால் போதும். தடுப்பாட்டக்காரர்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

சின்ன நாட்டு நடுக்கள ஆட்டக்காரரின் சிக்கல் இங்கேதான். உள்ளூரில் நேரம் அளவுக்கு மீறிக் கிடைக்கிறது, தேசிய அணியில் துளியும் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆட்டத்தை, அதாவது சமமான எதிராளியோடு மல்லுக்கட்டி 50-50 பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற வித்தையை, கற்றுக்கொள்ள அவருக்கு ஊரில் இடமே இல்லை. அதனால்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. பணம் அப்புறம். பெண்கள் ஆட்டத்தில் அப்போது பெரிய பணமும் இல்லை.

கிளம்புவதற்கு ஒரு வசதி இருந்தது. மால்டா 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுத் தொழிலாளியை இன்னொரு நாட்டுக்காரர் என்று சொல்லி ஒதுக்கக் கூடாது, கால்பந்து ஆட்டக்காரருக்கும் அது பொருந்தும் என்று 1995-லேயே போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மால்டா பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இத்தாலியிலோ பெல்ஜியத்திலோ 'வெளிநாட்டவர் ஒதுக்கீடு' என்ற வரிசையில் நிற்க வேண்டாம். பிரேசில், நைஜீரியாவிலிருந்து வருகிற இன்னும் திறமையான ஒருவரோடு அந்த ஒரு இடத்துக்காகப் போட்டி போடவும் வேண்டாம். விசா இல்லை, வேலை அனுமதி இல்லை. சின்ன சம்பளம் தருகிற பெண்கள் கிளப்புக்கு இது பெரிய விஷயம். ஆட்டக்காரரின் சம்பளத்தைவிடக் காகித வேலைக்கு அதிகம் செலவாகும் என்றால் எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்?

மொழியும் தடையில்லை. ஆங்கிலம் ஆட்சிமொழி. இத்தாலியன் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மொட்டைமாடி ஆன்டெனாவைச் சிசிலி பக்கம் திருப்பி வைத்து இத்தாலிய சேனல் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் அங்கே உண்டு. உலகக் கோப்பை வந்தால் தீவு இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் இங்கிலாந்து, மீதிப் பேர் இத்தாலி. எந்த அணி ஜெயித்தாலும் அந்தக் கட்சிக்காரர்கள் காரில் கொடி கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள். சொந்த நாடு அந்தக் கோப்பையில் இல்லையே என்ற வருத்தமெல்லாம் பழகிப் போயிற்று.

ஆண்களில் வெளியே போய் நின்றவர்கள் மால்டாவில் வீட்டுப் பெயர் போல. பெல்ஜியத்தின் கெங்க் அணியில் ஆடிய கார்மெல் புசுட்டில், 2007 செப்டம்பரில் கவன்ட்ரி அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட் மைதானத்தில் இரண்டு கோல் போட்ட மைக்கேல் மிஃப்சுட். இரண்டு பேரும் கோல் போடுகிற ஆட்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வெளியே போன ஒரு நடுக்கள ஆட்டக்காரரைச் சொல்லுங்கள் என்றால் உள்ளூர்க்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். கோல் எண்ணிக்கைக்குத் தலைப்புச் செய்தி உண்டு. பாதையை அடைத்ததற்கு யார் தலைப்புப் போடுவார்கள்?

குஸ்கியேரியின் முதல் வெளிநாட்டு நிறுத்தம் சைப்ரஸ். லிமசோல் நகரின் அப்போலோன் கிளப்பில் சேர்ந்தார். தீவிலிருந்து தீவுக்குப் போனதில் என்ன லாபம் என்று தோன்றலாம். லாபம் சாம்பியன்ஸ் லீக். அப்போலோன் பெண்கள் அணி சைப்ரஸில் வருடத்துக்கு வருடம் பட்டம் வாங்கிக்கொண்டிருந்த அணி. பட்டம் வாங்கினால் ஐரோப்பியப் போட்டியின் தகுதிச் சுற்று நிச்சயம். அதைத் தாண்டினால் பெரிய கிளப் ஒன்று எதிரே வந்து நிற்கும். இதற்காகப் பல நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்து அணி கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், சைப்ரஸுக்கு அந்தக் காலத்தில் பெண்கள் தேசிய அணியே போட்டியில் கிடையாது. 2019-ல்தான் முதல் முறையாக ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இறங்கினார்கள். நாட்டுக்கு அணி இல்லை, கிளப் மட்டும் ஐரோப்பாவில் ஆடுகிறது! பெண்கள் கால்பந்து வளர்ந்த விதம் எவ்வளவு கோணல்மாணல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மால்டாவிலிருந்து போன ஒருவருக்கு அது சரியான படிக்கட்டு. லீக்கில் ஆதிக்கம், ஐரோப்பாவில் அடி, நடுவே தினசரிப் பயிற்சியில் தன்னைவிடத் தேர்ந்தவர்களோடு மோதல். ஊரில் கிடைக்காத அந்த நடு ஆட்டம் அவருக்குப் பயிற்சி மைதானத்தில் கிடைத்தது.

2018 வாக்கில் பிரசல்ஸின் ஆண்டர்லெக்ட்டுக்குப் போனார். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பெண்கள் லீக்கில் ஒரு சோதனை செய்து பார்த்திருந்தன. 2012 முதல் 2015 வரை இரண்டு நாட்டுக் கிளப்புகளையும் ஒரே லீக்கில் சேர்த்து நடத்தினார்கள். அது ஓடவில்லை. 2015-ல் பிரிந்து அவரவர் லீக்கை மறுபடி தொடங்கினார்கள். புது பெல்ஜிய லீக்கில் முதலில் ஸ்டாண்டர்ட் லியேஜ் கை ஓங்கியது. 2018-லிருந்து ஆண்டர்லெக்ட் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏழு சீசன் விடவில்லை. குஸ்கியேரி போய்ச் சேர்ந்தது அந்த ஏறுமுகத்தின் தொடக்கத்தில்.

அங்கிருந்து பிஎஸ்வி. நெதர்லாந்துப் பெண்கள் 2017-ல் தங்கள் மண்ணிலேயே ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தார்கள், 2019-ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போயிருந்தார்கள். நாடே பெண்கள் ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்த காலம். 2019-20 சீசனில் பிஎஸ்வி முதலிடத்தில் இருந்தபோது கொரோனா வந்தது. லீக்கைப் பாதியிலேயே நிறுத்தி, பட்டம் யாருக்கும் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையில் கையில் எடுக்க இருந்த தட்டு அப்படியே மேசையிலிருந்து போவது உண்டு. இது அப்படி.

சரி, இத்தாலிக்கு வருவோம். சொல்ல விஷயம் அதிகம் இருப்பது இங்கேதான்.

2020-ல் அவர் ரோம் நகரின் லாத்சியோவில் சேர்ந்தபோது அந்த அணி இரண்டாம் நிலையான சீரி பி-யில் இருந்தது. ஐந்தோவனில் முதலிடத்தில் இருந்த அணியை விட்டு இத்தாலிய இரண்டாம் நிலைக்கா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வருடங்களில் இத்தாலியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். 2017 வரை இத்தாலியப் பெண்கள் கால்பந்து பெரும்பாலும் சின்ன ஊர்களின் தனிப் பெண்கள் கிளப்புகளின் கையில் இருந்தது. அந்த வருடம் யுவென்டஸ், குனேயோ என்ற கிளப்பின் லீக் உரிமத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் அணியைத் தொடங்கியது. அடுத்த வருடம் மிலான் பிரேஷியாவின் இடத்தையும், ரோமா ரெஸ் ரோமாவின் இடத்தையும் எடுத்துக்கொண்டன. பல வருடம் ரத்தம் சிந்தி அணியை நடத்திய சின்ன கிளப்புகளின் பெயர் அட்டவணையிலிருந்து காணாமல் போக, அதே இடத்தில் தொலைக்காட்சியில் தெரிந்த பெயர்கள் வந்து உட்கார்ந்தன. பணம் வந்தது, பார்வையாளர் வந்தார்கள். 2019 உலகக் கோப்பையில் இத்தாலிப் பெண்கள் காலிறுதி வரை போனதும் அந்த அலை இன்னும் உயர்ந்தது.

இவ்வளவு நடந்தும் சட்டப்படி அந்தப் பெண்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிடையாது! 1981-ல் வந்த சட்டத்தின் கீழ் எந்த விளையாட்டு, எந்தப் பிரிவு தொழில்முறை என்பதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்யலாம். பெண்கள் கால்பந்து அமெச்சூர் பட்டியலிலேயே கிடந்தது. யுவென்டஸில் ஆடினாலும் சரி, லாத்சியோவில் ஆடினாலும் சரி, வருடத்துக்கு 30,658 யூரோவுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. தினப்படி, போட்டிப்படி என்று சுற்றி வளைத்துக் கொஞ்சம் கூட்டித் தரலாம். ஆனால் அது சம்பளக் கணக்கில் வராது, ஓய்வூதியக் கணக்கிலும் வராது. 30 வயதுவரை முழுநேரம் ஆடிவிட்டு வெளியே வந்தால், அத்தனை வருடமும் வேலையே செய்யாதவர் மாதிரி அரசாங்கக் காகிதம் சொல்லும். 2022 ஜூலை 1-ல்தான் பெண்கள் சீரி ஏ தொழில்முறை லீக் ஆனது. குஸ்கியேரி இத்தாலியில் ஆடிய சீசன்கள் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் விழுகின்றன. லாத்சியோவில் அமெச்சூர், சம்ப்டோரியாவில் தொழில்முறை. வேலை ஒன்றுதான், பதவியின் பெயர்தான் வேறு.

2020-21-ல் லாத்சியோ சீரி பி-யில் முதலிடம் பிடித்து மேலே ஏறியது. அந்த சீசனின் நடுவில் அணியின் பொறுப்பை ஏற்றவர் கரோலினா மொராச்சே. 1990-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு கோல் போட்ட, இத்தாலிக் கால்பந்தில் ஒரு காலத்தின் முகம். 1999-ல் விட்டெர்பேசே என்ற ஆண்கள் தொழில்முறை அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர். அப்படிப்பட்டவர் வந்தும் மேல் நிலையில் லாத்சியோவால் நிற்க முடியவில்லை. 2021-22 சீசன் வேறு கொடுமையான சீசன். சீரி ஏ-யை 12 அணியிலிருந்து 10 ஆகக் குறைக்க முடிவாகியிருந்ததால் மூன்று அணிகள் கீழே போக வேண்டும். நாப்போலி, வெரோனாவோடு லாத்சியோவும் இறங்கியது. மொராச்சே அதற்கு முன்பே பதவியை இழந்திருந்தார்.

கீழே இறங்குகிற அணியின் நடுக்களத்தில் ஆடுவது என்றால், மால்டாவிலிருந்து வந்தவருக்கு அது பழக்கமான வேலை என்று சிரிப்பாகச் சொல்லலாம். உண்மையில் அதில் கொஞ்சம் விஷயமும் இருக்கிறது. பலமான அணியிலேயே வளர்ந்தவருக்கு, பந்து இல்லாமல் 70 நிமிடம் ஓடிவிட்டு 71-ஆவது நிமிடம் கிடைக்கிற ஒரு பந்தைச் சரியாகக் கொடுக்க மனசு இருக்காது, பதறிவிடுவார். வருடத்தில் பத்துத் தடவை தேசிய அணிக்காக அதையே செய்கிறவருக்கு அந்தப் பதற்றம் இல்லை. கீழ்ப்பாதி கிளப்புகள் இந்த மாதிரி ஆட்டக்காரரைத் தேடுவதற்கு அது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அடுத்து ஜெனோவாவின் சம்ப்டோரியா. அந்தப் பெண்கள் அணியும் 2021-ல் ஃபுளோரென்டியா என்ற கிளப்பின் இடத்தை எடுத்துக்கொண்டு வந்ததுதான். அவர் ஆடிய 2022-23 சீசனில் சம்ப்டோரியா ஆண்கள் அணி சீரி ஏ-யிலிருந்து இறங்கியது, கிளப் கடனில் மூழ்கித் திவால் விளிம்பு வரை போய், புது உரிமையாளர்கள் வந்து கடைசி நேரத்தில் தப்பியது. பெரிய கிளப்பின் குடைக்குக் கீழே பெண்கள் அணி வந்ததன் மறுபக்கம் இது. குடை கிழிந்தால் முதலில் நனைவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் அணி களத்தில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டாலும், அடுத்த வருடம் அணி இருக்குமா என்ற கேள்விக்குப் பதில் ஆண்கள் கிளப்பின் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தது.

மால்டாவின் இன்னொரு பெயரைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது: ஹேலி புகேஜா. 2004 மே மாதம் பிறந்த முன்கள ஆட்டக்காரர். 16 வயது முடிந்த அதே 2020-ல் இத்தாலியின் சஸ்ஸுவோலோவில் சேர்ந்து, சீரி ஏ-யில் நேரடியாக இறங்கி, வந்த வேகத்தில் கோல் போட்டார். குஸ்கியேரி நான்கு நாடு சுற்றி 28 வயதில் இத்தாலியின் இரண்டாம் நிலைக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டு, 16 வயதுப் பெண் முதல் நிலையில் நுழைந்துவிட்டார். இதைத் திறமை வித்தியாசம் என்று மட்டும் பார்த்தால் தவறு. ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் 16 வயதானால் போகலாம் என்று விதிவிலக்கு உண்டு. புகேஜா அந்தக் கதவு திறந்த உடனே நுழைந்தார். குஸ்கியேரிக்கு 16 வயதானது 2008-ல். அப்போதும் அதே கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் காத்திருக்க யுவென்டஸும் இல்லை, ரோமாவும் இல்லை.

பிறகு புகேஜா 2022-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ பிரைடுக்குப் போனார், அங்கே பெரிதாகக் காலூன்ற முடியாமல் 2023-ல் இத்தாலிக்கே திரும்பி இன்டர் மிலானில் சேர்ந்தார். அவருக்கு வயது இருக்கிறது, கதை இன்னும் ஓடும்.

இங்கே ஒரு விதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த கிளப், அவன் வெளிநாட்டுக் கிளப்பில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் பயிற்சி இழப்பீடு கேட்கலாம். ஃபிஃபா விதியில் இருக்கிறது. அதே விதிப்புத்தகத்தில் அடுத்த வரி: இது பெண்கள் கால்பந்துக்குப் பொருந்தாது. பெண்கள் கிளப்புகளிடம் பணம் இல்லை, இழப்பீடு கட்டச் சொன்னால் யாரும் யாரையும் எடுக்க மாட்டார்கள் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் நியாயம். நியாயம் புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். மால்டாவில் ஒரு பெண்ணைச் சிறுவயதிலிருந்து தயார் செய்த ஊர்க் கிளப்புக்கு அவள் வெளிநாடு போன அன்று கிடைப்பது வாழ்த்து மட்டும். கிளப் மாற்றத் தொகை ஏதாவது கைமாறினால் அதில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு உண்டு. பெண்கள் ஆட்டத்திலோ ஒப்பந்தம் முடிந்த பிறகு சும்மா மாறுகிறவர்களே அதிகம். பூஜ்யத்தில் 5 சதவீதம் எவ்வளவு?

இங்கிலாந்து ஏன் இந்த வழியில் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். பாதித் தீவு இங்கிலாந்து ரசிகர்கள், எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள், 1964 வரை பிரிட்டிஷ் காலனி. ஆனால் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, 2021 முதல் ஐரோப்பியர்களுக்கும் புள்ளி முறை வந்துவிட்டது. தேசிய அணிக்காக ஆடியிருந்தால் புள்ளி, ஆனால் அந்த நாடு ஃபிஃபா தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். மால்டாப் பெண்கள் அணி எண்பது, தொண்ணூறு என்ற இடங்களில் இருக்கிறது. அந்த அணிக்காக நூறு ஆட்டம் ஆடினாலும் அந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் தேறாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்தில் பிறந்து மான்செஸ்டர் சிட்டியில் ஆடி, பிறகு மால்டா தேசிய அணிக்கு வந்த தடுப்பாட்டக்காரர் எம்மா லிப்மன் போன்றவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிசிலிப் பக்கம்தான் வழி.

இத்தனை பேர் வெளியே போய்க் கற்றுக்கொண்டு வந்ததில் தேசிய அணிக்கு என்ன கிடைத்தது? ஸ்கோர்கள் சுருங்கின, அதில் சந்தேகமில்லை. 13-0 காலம் போயிற்று. ஆனால் பழைய முறை தகுதிச் சுற்றில் அணி எவ்வளவு முன்னேறினாலும் நடுக்களத்தின் வேலை மாறவில்லை. 2022 ஐரோப்பியக் கோப்பைக்கான சுற்றில் டென்மார்க்கும் இத்தாலியும் ஒரே குழுவில். 2023 உலகக் கோப்பைக்கான சுற்றில் மறுபடி டென்மார்க். பெரிய அணி இரண்டு வந்தால் நான்கு ஆட்டம் பந்தின் பின்னால் ஓட்டம், மிச்ச ஆட்டங்களில்தான் தங்கள் ஆட்டம்.

அதை மாற்றியது 2023 செப்டம்பரில் தொடங்கிய பெண்கள் நேஷன்ஸ் லீக். ஐரோப்பிய அணிகளை ஏ, பி, சி என்று பிரித்து, தரம் ஒத்தவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டார்கள். சி பிரிவில் மால்டாவின் குழுவில் லாட்வியா, மால்டோவா, அன்டோரா. இத்தாலியில் போமிக்லியானோ அணியைச் சீரி ஏ-வுக்கு ஏற்றிய அனுபவத்தோடு வந்த மனுவேலா டெஸ்ஸே மால்டாவின் பயிற்சியாளர். முழுக் குழுவிலும் மால்டாவே பலமான அணி என்ற நிலை. எதிரணி பத்துப் பேரையும் பின்னால் இறக்கிக் கோலை அடைத்து நிற்கிறது, பந்து மால்டாவின் நடுக்களத்தில் இருக்கிறது. அடைத்து நிற்பவர்கள் எங்கே சோர்வார்கள், எந்த இடைவெளியை மறப்பார்கள் என்பது, வாழ்நாளெல்லாம் அடைத்து நின்றவர்களுக்குத் தெரியாதா? குழுவில் முதலிடம், பி பிரிவுக்கு ஏற்றம்.

ஏறியவுடன் 2025 ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கான குழு வந்தது: போர்ச்சுகல், வட அயர்லாந்து, பொஸ்னியா. 2024-ல் அந்த ஆட்டங்களுக்காகத் தா அலிக்குத் திரும்பிய நடுக்கள ஆட்டக்காரர்கள் மறுபடி பந்தின் பின்னால் நகரத் தொடங்கினார்கள். வலது புறம் போனால் நான்கு அடி, இடது புறம் திரும்பினால் எட்டு அடி.